ஓகே முதல் கட்டுமரம் வரை: ஆங்கிலச் சொற்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தினமும் வாயில் புழங்கும் ஆங்கிலச் சொற்கள் எங்கே பிறந்தன என்று வாட்ஸப்பில் சுற்றும் கதைகள் ஏராளம். பல கதைகள் பொய். உண்மையான வரலாறோ அந்தக் கதைகளைவிடச் சுவையாக இருக்கிறது. திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு இங்கே ஒரே இடத்தில் பதில் எழுதிவைக்கிறேன்.

ஓகே என்பது எதன் சுருக்கம்?

ஆல் கரெக்ட் என்பதன் சுருக்கம். அதுவும் ஓவிலும் கேயிலும் தொடங்கும்படி வேண்டுமென்றே தப்பும் தவறுமாக எழுதிய ஆல் கரெக்ட்.

1830களின் கடைசியில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரப் பத்திரிகைக்காரர்களிடையே ஒரு விளையாட்டு இருந்தது. ஒரு தொடரை எடுத்துக்கொண்டு எழுத்துப்பிழையோடு எழுதுவார்கள். பிறகு அதன் முதல் எழுத்துகளை மட்டும் அச்சில் போடுவார்கள். ஆல் ரைட் என்பதை ஓவிலும் டபிள்யூவிலும் தொடங்குவதுபோல எழுதி 'ஓ.டபிள்யூ.' என்றார்கள். நோ கோ என்பதைக் கேயில் தொடங்குவதுபோல எழுதியதால் அது 'கே.ஜி.' ஆனது. இந்த வரிசையில்தான் 1839 மார்ச் 23 அன்று பாஸ்டன் மார்னிங் போஸ்ட் நாளிதழில் ஓ.கே. அச்சேறியது. வாசகருக்குப் புரிய வேண்டுமே என்று பக்கத்திலேயே ஆல் கரெக்ட் என்ற விளக்கமும் இருந்தது.

ஓ.டபிள்யூ.வும் கே.ஜி.யும் காணாமல் போயின. ஓகே மட்டும் பிழைத்ததற்கு ஒரு தேர்தல் காரணம். 1840இல் இரண்டாம் முறை போட்டியிட்ட அமெரிக்க அதிபர் மார்ட்டின் வான் ப்யூரன், நியூயார்க் மாநிலத்தில் கிண்டர்ஹுக் என்ற ஊரைச் சேர்ந்தவர். ஆதரவாளர்கள் அவரை 'ஓல்ட் கிண்டர்ஹுக்' என்று அழைத்து, ஊருக்கு ஊர் ஓ.கே. கிளப் தொடங்கினார்கள். எதிர்க்கட்சிக்காரர்கள் சும்மா இருப்பார்களா? அவருக்கு முந்தைய அதிபர் ஆண்ட்ரூ ஜாக்சனுக்கு எழுத்தே ஒழுங்காகக் கூட்டத் தெரியாது, ஆல் கரெக்ட் என்பதை இப்படித்தான் எழுதுவார் என்று கிண்டல் செய்தார்கள். இரண்டு பக்கமும் பேசிப் பேசி சொல் நாடு முழுக்கப் பரவிவிட்டது. தேர்தலில் வான் ப்யூரன் தோற்றுப்போனார்.

இதையெல்லாம் பழைய செய்தித்தாள்களைப் புரட்டித் தேதியோடு நிறுவியவர் கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆலன் வாக்கர் ரீட். 1963, 1964 ஆண்டுகளில் அவர் எழுதிய கட்டுரைகளுக்குப் பிறகு இந்த விஷயத்தில் ஆய்வாளர்களிடையே பெரிய சண்டை இல்லை.

போர்க்களத்தில் 'ஜீரோ கில்டு', அதாவது யாரும் சாகவில்லை என்று எழுதியதுதான் ஓகே என்று படித்தேனே?

அந்தக் கதையில் வரும் அமெரிக்க உள்நாட்டுப் போர் 1861இல் தொடங்கியது. ஓகே அதற்கு 22 ஆண்டுகளுக்கு முன்பே அச்சில் இருக்கிறது. கதை அங்கேயே முடிந்துவிடுகிறது.

சோக்டா பழங்குடி மொழியிலிருந்து வந்தது என்று இன்னொரு கருத்து உண்டு. அதிபர் உட்ரோ வில்சன் அதை நம்பி, ஓகேயை அந்த மொழிச் சொல்லின் எழுத்துக்கூட்டலில் எழுதுவாராம். கிரேக்க மொழிக் கதையும் இருக்கிறது. அச்சில் கிடைத்திருக்கும் சான்றுகள் எல்லாம் பாஸ்டன் பக்கமே நிற்கின்றன.

ஹலோ என்பது டெலிபோனைக் கண்டுபிடித்த கிரகாம் பெல்லின் காதலி பெயராமே?

இல்லை. 'மார்கரெட் ஹலோ' என்று ஒரு பெண் இருந்ததற்கு எந்தச் சான்றும் கிடையாது. பெல் 1877இல் மணந்துகொண்ட பெண்ணின் பெயர் மேபெல் ஹப்பர்ட். சிறு வயதில் வந்த காய்ச்சலில் கேட்கும் திறனை இழந்தவர். பெல் அவரை டெலிபோனில் கூப்பிட்டிருக்கவே முடியாது. இந்தப் பொய்க் கதையைப் பரப்பும்போது அந்த உண்மையான பெண்மணி மறைந்துபோகிறார் என்பதுதான் எனக்கு வருத்தம்.

இன்னொன்று, பெல்லுக்கு ஹலோ பிடித்த சொல்லும் இல்லை. கப்பல்காரர்கள் தூரத்துக் கப்பலை அழைக்கும் 'அஹாய்' என்ற சொல்லைத்தான் டெலிபோனில் பயன்படுத்த வேண்டும் என்று அவர் நினைத்தார். ஹலோவை முன்வைத்தவர் எடிசன். 1877 ஆகஸ்டில் பிட்ஸ்பர்க் தந்திக் கம்பெனிக்காரர் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில், மணி எதுவும் தேவையில்லை, ஹலோ என்று சொன்னாலே பத்து இருபது அடி தூரத்தில் இருப்பவருக்குக் கேட்கும் என்று எழுதினார்.

சொல்லை அவர் உண்டாக்கவில்லை. ஹல்லோ, ஹாலோ, ஹொல்லா என்று வேட்டை நாய்களை ஏவவும் தூரத்து ஆளைக் கூப்பிடவும் போட்ட கூச்சல் ஆங்கிலத்தில் வெகு காலமாக இருந்தது. நேருக்கு நேர் பார்த்து ஹலோ சொல்லும் வழக்கம் பரவியது டெலிபோன் வந்த பிறகுதான்.

குட்பை?

'காட் பி வித் யீ', அதாவது கடவுள் உன்னோடு இருக்கட்டும். 16ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே இது சுருங்கத் தொடங்கிவிட்டது. குட் டே, குட் நைட் என்று மற்ற வணக்கங்கள் குட்டில் தொடங்கியதால் 'காட்' இருந்த இடத்தில் 'குட்' வந்து உட்கார்ந்தது.

நைஸ் என்ற சொல்லுக்கு முட்டாள் என்று பொருள் இருந்ததா?

இருந்தது. லத்தீனில் 'நெஸ்கியுஸ்' என்றால் ஒன்றும் தெரியாதவன். அது பிரெஞ்சு வழியாக 1300 வாக்கில் ஆங்கிலத்துக்கு வந்தபோது நைஸ் என்றால் மூடன். அங்கிருந்து ஆடம்பரக்காரன், கூச்சக்காரன், எதிலும் நொட்டை சொல்பவன் என்று மெல்ல நகர்ந்தது. எதிலும் நொட்டை சொல்பவன் நுணுக்கமாகப் பார்ப்பவன்தானே? 16ஆம் நூற்றாண்டில் நுட்பமான, துல்லியமான என்ற பொருள் வந்தது. 'எ நைஸ் டிஸ்டிங்ஷன்' என்று வக்கீல்களும் பேராசிரியர்களும் சொல்லும்போது இன்றும் அந்தப் பொருள்தான். 18ஆம் நூற்றாண்டில்தான் இனிமையான, நல்ல என்ற இன்றைய பொருள் பரவியது. தமிழுக்கு வந்த பிறகும் அது சும்மா இருக்கவில்லை. மாவை நைஸாக அரைக்கிறோம். 'நைஸாப் பேசி கழன்றுகொண்டான்' என்கிறோம்.

எதிர்த்திசையில் போன சொல் சில்லி. பழைய ஆங்கிலத்தில் அதன் மூத்த வடிவத்துக்குப் பாக்கியம் பெற்றவர் என்று பொருள். பாக்கியவான், கள்ளமற்றவன், பாவம் அப்பாவி, விவரம் இல்லாதவன், கடைசியில் முட்டாள் என்று படிப்படியாக இறங்கிவிட்டது. ஒவ்வொரு படியும் மிகச் சின்னது. நடுவில் நின்று பேசிய எவருக்கும் சொல் மாறுகிறது என்றே தெரிந்திருக்காது. எனக்கு இந்தச் சொல்லின் மீது தனிப் பிரியம் உண்டு. கள்ளமற்றவர்களை உலகம் எப்படி நடத்துகிறது என்பது இதில் அப்படியே பதிந்திருக்கிறது.

இன்னும் சில, வேகமாக: நாட்டி என்றால் முதலில் கையில் ஒன்றும் இல்லாதவர், பிறகு கெட்டவர், இப்போது சேட்டை செய்யும் குழந்தை. புல்லி என்பது 16ஆம் நூற்றாண்டில் அன்பே என்று கொஞ்சும் சொல், இன்று பள்ளியில் மற்ற பிள்ளைகளை மிரட்டுகிறவன். கேர்ள் என்பது ஆணோ பெண்ணோ எந்தக் குழந்தைக்கும் பொதுவாக இருந்தது. மீட் என்றால் எந்த உணவும். டீர் என்றால் எந்த விலங்கும்.

மாட்டுக்கு ஒரு சொல், மாட்டிறைச்சிக்கு வேறு சொல். ஏன்?

1066இல் பிரான்சின் நார்மண்டியிலிருந்து வந்தவர்கள் இங்கிலாந்தைப் பிடித்தார்கள். மேய்த்தவன் பேசியது ஆங்கிலம், சாப்பிட்டவன் பேசியது பிரெஞ்சு. அதனால் தொழுவத்தில் கவ், ஷீப், பிக். சாப்பாட்டு மேசையில் பீஃப், மட்டன், போர்க். பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம் இதுதான். அடிப்படையில் சரியும்கூட.

ஆனால் ஒரே நாளில் இப்படிப் பிரிந்துவிடவில்லை. நூற்றாண்டுகள் கழிந்த பிறகும் மட்டன் என்று உயிரோடு மேயும் ஆட்டையும், பீஃப் என்று உயிருள்ள மாட்டையும் ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டுதான் இருந்தார்கள். உயிரோடு இருந்தால் ஒன்று, தட்டில் இருந்தால் மற்றொன்று என்ற கறாரான பிரிவு பின்னால் படிந்தது.

எழுதுவது ஒன்று, உச்சரிப்பது ஒன்று. இது என்ன கொடுமை?

சில இடங்களில் எழுத்து பழைய உச்சரிப்பைக் காப்பாற்றி வைத்திருக்கிறது. நைஃப், நைட் போன்றவற்றின் முன்னால் நிற்கும் 'கே' ஒரு காலத்தில் வாயைத் திறந்து சொல்லப்பட்டது. வில்லியம் காக்ஸ்டன் 1476இல் இங்கிலாந்தில் அச்சு இயந்திரத்தை நிறுவினார். அச்சு வந்து எழுத்துக்கூட்டல் உறையத் தொடங்கிய பிறகும் உச்சரிப்பு மாறிக்கொண்டே போனது.

வேறு சில இடங்களில் படித்தவர்கள் செய்த வேலை. கடனைக் குறிக்கும் டெட் என்ற சொல் பிரெஞ்சிலிருந்து வந்தபோது அதில் 'பி' கிடையாது. லத்தீனில் 'டெபிடும்' என்று இருக்கிறதே என்று பிற்காலப் பண்டிதர்கள் அதை நுழைத்தார்கள். யாரும் அதை உச்சரித்ததில்லை. ஐலண்டில் இருக்கும் 'எஸ்' இன்னும் மோசம். பழைய ஆங்கிலத்தில் அது 'ஈக்லாந்த்', சுத்தமான ஜெர்மானியச் சொல். பிரெஞ்சு வழி வந்த 'ஐல்' என்ற வேறு சொல்லோடு உறவு என்று தவறாக நினைத்து, அதிலிருந்த எஸ்ஸை இதற்குள் செருகிவிட்டார்கள். பள்ளிக்கூடத்தில் இந்த எஸ்ஸை விட்டதற்காகச் சிவப்பு மையில் சுழி வாங்கிய பிள்ளைகளுக்கு இது தெரியட்டும்: விட்டு எழுதிய பிள்ளைதான் பழைய வடிவத்துக்கு நெருக்கம்.

பாஷ், நியூஸ், டிப், கோல்ஃப் எல்லாம் முதலெழுத்துச் சுருக்கங்களா?

நான்கும் இல்லை.

இவற்றில் ஆடம்பரமான என்று பொருள்படும் பாஷின் கதைக்கு நம் கடலோடு தொடர்பு உண்டு என்பதால் விவரமாகச் சொல்கிறேன். இங்கிலாந்திலிருந்து இந்தியாவுக்குப் பி அண்ட் ஓ கம்பெனிக் கப்பலில் வரும் வசதியானவர்கள் கப்பலின் இடப்பக்க அறையையும், திரும்பும்போது வலப்பக்க அறையையும் கேட்டு வாங்குவார்களாம். கிழக்கே வரும்போது இடப்பக்கம் வடக்கு, வெயில் குறைவு. மேற்கே போகும்போது வலப்பக்கம் வடக்கு. 'போர்ட் அவுட், ஸ்டார்போர்டு ஹோம்' என்று டிக்கெட்டில் முத்திரை குத்தியதால் அந்த நான்கு முதலெழுத்தும் சேர்ந்து பாஷ் ஆனது என்பது கதை. திசைக் கணக்கு சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் அப்படி முத்திரை குத்திய ஒரு டிக்கெட்கூட இதுவரை கிடைக்கவில்லை. சொல் 1914 வாக்கிலேயே அச்சில் வருகிறது, இந்த விளக்கமோ 1930களில்தான் தலைகாட்டுகிறது.

நியூஸ் என்பது வடக்கு, கிழக்கு, மேற்கு, தெற்கு திசைகளின் முதலெழுத்து இல்லை. 'நியூ' என்பதன் பன்மை, அவ்வளவுதான். டிப் என்பது 17ஆம் நூற்றாண்டுத் திருடர்களின் குழூஉக்குறியில் 'கொடு'. கோல்ஃப் என்பது 'பெண்களுக்கு இடமில்லை' என்ற அறிவிப்பின் சுருக்கம் என்பார்கள். 1457இல் ஸ்காட்லாந்தில் மக்கள் வில்வித்தை பழகாமல் இதையே ஆடிக்கொண்டிருக்கிறார்கள் என்று சட்டம் போட்டுத் தடுத்தார்கள். அந்தச் சட்டத்திலேயே கோல்ஃப் என்ற சொல் இருக்கிறது.

ஒரு எளிய சோதனை சொல்கிறேன். முதலெழுத்துகளைச் சேர்த்து ஒரு சொல்லாக உச்சரிக்கும் வழக்கம் ஆங்கிலத்தில் 20ஆம் நூற்றாண்டில்தான் பெருகியது. ரேடார், லேசர், ஸ்கூபா எல்லாம் உண்மையான சுருக்கங்கள். அதற்கு முந்தைய சொல்லுக்கு யாராவது இப்படி விளக்கம் சொன்னால் உடனே சந்தேகப்படுங்கள்.

தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கு உண்மையாகவே போன சொற்கள் எவை?

நிறைய உண்டு. தெளிவான சான்றோடு இருப்பவற்றைச் சொல்கிறேன்.

கட்டுமரம் 'கேட்டமரன்' ஆனது. சோழமண்டலக் கரையில் மரக்கட்டைகளைக் கயிற்றால் பிணைத்து ஓட்டியதை ஆங்கிலேய மாலுமி வில்லியம் டாம்பியர் 1697இல் வெளியான தன் பயண நூலில் இந்தப் பெயரோடு எழுதினார். இன்று அந்தச் சொல்லுக்கு ஆங்கிலத்தில் பொருளே வேறு. இரண்டு உடல்களை இணைத்துக் கட்டிய பாய்மரப் படகு அல்லது வேகப் படகுதான் இப்போது கேட்டமரன். அந்த இரட்டை உடல் அமைப்பு பசிபிக் தீவு மக்களின் மரபு. பெயர் நம்முடையது, வடிவம் அவர்களுடையது.

கறி 'கரி' ஆனது. போர்த்துகீசியர் முதலில் பிடித்துக்கொண்டார்கள். 16ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் ஆங்கிலத்திலும் வந்துவிட்டது. 1747இல் ஹன்னா கிளாஸ் என்பவர் லண்டனில் வெளியிட்ட சமையல் புத்தகத்தில் 'இந்திய முறையில் கரி செய்வது' என்று ஒரு குறிப்பு இருக்கிறது. இரண்டு கோழி அல்லது முயல், சின்ன வெங்காயம் மூன்று நான்கு, முப்பது மிளகு, ஒரு கரண்டி அரிசி. கொத்தமல்லி விதையை ஒரு சுத்தமான மண்வாரியில் போட்டு நெருப்பில் காட்டி வறுக்கச் சொல்கிறார். வாணலியில் வறுக்கலாம் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை போலும். நம் சங்கப் பாடல்களில் கறி என்றால் மிளகு. அந்த முப்பது மிளகைப் பார்க்கும்போது எனக்கு அதுதான் நினைவுக்கு வருகிறது.

மிளகுத்தண்ணீர் 'மல்லிகடானி' என்ற சூப்பாகி, இறைச்சியும் சேர்ந்துகொண்டது. சுருட்டு 'செரூட்' ஆனது. திருச்சி சுருட்டு இங்கிலாந்தில் நல்ல பெயர் வாங்கியிருந்தது. கிடங்கு என்ற சொல்லும் அதன் தெலுங்கு உறவும் மலாய் மொழிக்குப் போய் 'குடாங்' ஆகி, போர்த்துகீசியர் வழியாக ஆங்கிலத்தில் 'கோடவுன்' ஆகி, நம்மிடமே குடோனாகத் திரும்பியிருக்கிறது. இஞ்சி இன்னும் பழைய பயணி. இஞ்சிவேர் என்பதன் திராவிட வடிவம் பாலி, சமஸ்கிருதம், கிரேக்கம், லத்தீன் என்று சுற்றி 'ஜிஞ்சர்' ஆனது.

மாங்காய், வெற்றிலை, தேக்கு, கயிறு ஆகியவையும் போயிருக்கின்றன. இவற்றில் பலவற்றை ஐரோப்பியர் மலபார் கரையில் மலையாள வடிவத்தில் கேட்டார்கள். எனவே தமிழுக்கு மட்டும் பங்கு கேட்பது நியாயம் ஆகாது.

'கரி ஃபேவர்' என்ற தொடரில் வருவதும் நம் கறிதானா?

இல்லை. அந்த 'கரி' குதிரையைத் தேய்த்து விடுவது. பிரெஞ்சுக் கதை ஒன்றில் ஃபாவெல் என்று ஒரு குதிரை. வஞ்சகத்தின் உருவமான அதைத் தடவிக்கொடுத்துக் காரியம் சாதித்துக்கொள்வார்கள். ஃபாவெல் யாரென்று மறந்தபோது ஆங்கிலேயர் அதை 'ஃபேவர்' ஆக்கிவிட்டார்கள்.

'பறையா' என்ற சொல்லை ஆங்கிலத்தில் பயன்படுத்தலாமா?

வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. பறையர் என்ற சமூகப் பெயரிலிருந்து 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குப் போன சொல் அது. பிறகு ஒதுக்கப்பட்டவன், யாரும் சேர்க்காதவன் என்ற பொதுப்பொருள் பெற்றது. தலைப்புச் செய்திகளில் 'பறையா ஸ்டேட்' என்று ஒரு நாட்டைத் திட்டும்போதெல்லாம், உயிரோடு வாழும் ஒரு மக்களின் பெயர் வசையாகிறது. எழுதுகிற வெளிநாட்டுக்காரருக்குப் பெரும்பாலும் அது தெரியாது. தெரிந்த நாமும் எழுதக்கூடாது. 'அவுட்காஸ்ட்', 'ஐசோலேட்டட்' என்று மாற்றுச் சொற்கள் இருக்கின்றன.

கேஷ் என்பது நம் காசுதானே?

ஆமாம், இல்லை, இரண்டும். ஆங்கிலத்தில் கேஷ் என்று இரண்டு சொற்கள் உண்டு.

ஒன்று, ரொக்கம் என்ற பொருளில் நாம் தினமும் சொல்வது. அது லத்தீனில் பெட்டியைக் குறித்த 'கப்சா' என்ற சொல்லிலிருந்து பிரெஞ்சு, இத்தாலியம் வழியாக வந்தது. பணப்பெட்டி என்ற பொருள் அதிலிருக்கும் பணத்துக்கு நகர்ந்தது. கேஷியர் அந்தப் பெட்டிக்குப் பொறுப்பானவர்.

மற்றொன்று, ஒரு சின்ன நாணயத்தின் பெயர். அது காசு என்பதிலிருந்து போர்த்துகீசியர் வழியாகப் போனது. சென்னையில் கிழக்கிந்தியக் கம்பெனிக் கணக்கில் 80 கேஷ் ஒரு பணம், 42 பணம் பகோடா என்ற ஒரு பொற்காசு. சீனாவின் நடுவில் ஓட்டை போட்ட செப்புக் காசையும் ஆங்கிலேயர் இதே பெயரால்தான் அழைத்தார்கள். இரண்டு சொற்களும் எழுத்தில் ஒன்றுபோல ஆகிவிட்டதால் குழப்பம் தீரவில்லை.

எட்டு, எய்ட். ஒன்று, ஒன். இவை ஒரே வேர் இல்லையா?

இல்லை. இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வருகிறது. தமிழ் மேல் உள்ள பற்றினால் வரும் கோபம் என்பதால் அதை மதிக்கிறேன். ஆனால் பற்று உள்ளவர்கள்தான் முதலில் சரிபார்க்க வேண்டும்.

எட்டை எடுத்துக்கொள்வோம். எண்பது, எண்ணூறு, எண்திசை என்னும்போது டகரம் எங்கே போனது? தமிழில் வேர் 'எண்'. தெலுங்கில் எனிமிதி, கன்னடத்தில் எண்டு. எல்லாவற்றிலும் மூக்கொலி இருக்கிறது. ஆங்கில எய்ட்டைப் பின்னோக்கிக் கொண்டுபோனால் பழைய ஆங்கிலத்தில் 'எயஹ்தா', ஜெர்மனில் 'அஹ்ட்', லத்தீனில் 'ஆக்டோ', சமஸ்கிருதத்தில் 'அஷ்ட'. இரண்டு சொற்கள் உறவு என்றால் காலத்தில் பின்னால் போகப் போக நெருங்க வேண்டும். இவை விலகுகின்றன. இன்றைய ஒற்றுமை தற்செயல். சில டஜன் ஒலிகளே உள்ள இடத்தில் பல்லாயிரம் சொற்கள் இருந்தால் இப்படிச் சில பொருந்தத்தான் செய்யும்.

டிபன் தமிழ்ச் சொல்லா, ஆங்கிலச் சொல்லா, இந்திச் சொல்லா?

ஆங்கிலம். 18ஆம் நூற்றாண்டு ஆங்கிலப் பேச்சு வழக்கில் 'டிஃபிங்' என்றால் நேரம் கெட்ட நேரத்தில் கொஞ்சம் குடிப்பது, கொறிப்பது. இந்தியாவில் இருந்த ஆங்கிலேயர்கள் அதைப் பகலில் சாப்பிடும் இலகுவான சாப்பாட்டுக்குப் பெயராக்கினார்கள். இங்கிலாந்தில் அந்தச் சொல் மங்கிவிட்டது. இங்கேயோ இட்லி, தோசை, பொங்கல் என்று ஒரு தனி உணவு வகைக்கே பெயராகிவிட்டது. 'சாப்பாடா, டிபனா?' என்று கேட்டால் நமக்குச் சட்டென்று வித்தியாசம் புரிகிறது. ஒரு ஆங்கிலேயருக்குப் புரியாது.

மெஸ்ஸும் அப்படித்தான். பழைய பிரெஞ்சில் மேசையில் கொண்டுவந்து வைக்கும் ஒரு வகை உணவு. பிறகு சேர்ந்து சாப்பிடும் கூட்டம், ராணுவத்தில் அது சாப்பிடும் இடம். அலங்கோலம் என்ற பொருள் 19ஆம் நூற்றாண்டில் வந்து ஆங்கிலத்தில் மற்றதையெல்லாம் அமுக்கிவிட்டது. நம் ஊர் மெஸ்ஸில் இன்னமும் பழைய பொருளில்தான் சோறு போடுகிறார்கள்.

'டூ தி நீட்ஃபுல்', 'ப்ரீபோன்' எல்லாம் தப்பு ஆங்கிலமா?

டூ தி நீட்ஃபுல் 18, 19ஆம் நூற்றாண்டுகளில் ஆங்கிலேயர்களே கடிதங்களில் தாராளமாக எழுதியது. அவர்கள் விட்டுவிட்டார்கள், நம் அலுவலகங்கள் விடவில்லை. பழையது என்று சொல்லலாம், தப்பு என்று சொல்ல இடமில்லை.

ப்ரீபோன் இந்தியாவில் பரவிய சொல். போஸ்ட்போன் இருக்கும்போது அதற்கு எதிராக ஒன்று தேவைப்பட்டது. இலக்கணப்படி கச்சிதமாக இருக்கிறது, பொருள் யாருக்கும் உடனே புரிகிறது. ஆக்ஸ்ஃபோர்டு அகராதியும் சேர்த்துக்கொண்டுவிட்டது. நான் இதை முழு மனதோடு ஆதரிப்பவன்.

ஆனால் ஒரு நடைமுறை எச்சரிக்கை. வெளிநாட்டுக்கு மெயில் எழுதும்போது 'ஐ வில் ரிவர்ட்' என்று போட்டால், பழைய நிலைக்குத் திரும்புவேன் என்று புரிந்துகொள்ள வாய்ப்பு உண்டு. ரிப்ளை என்றே எழுதுங்கள். 'பாஸ்ட் அவுட் ஆஃப் காலேஜ்' என்பதும் அப்படித்தான். பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் பாஸ் அவுட் என்றால் முதலில் நினைவுக்கு வருவது மயங்கி விழுவது. கிராஜுவேட்டட் என்பது பத்திரம்.

சொல்லின் மூலப் பொருள்தானே சரியான பொருள்?

அப்படியென்றால் டிசம்பர் பத்தாவது மாதமாக இருக்க வேண்டும். லத்தீனில் டெகெம் என்றால் பத்து, ரோமானியரின் பழைய ஆண்டு மார்ச்சில் தொடங்கியது. மேனுஃபேக்சர் என்றால் கையால் செய்வது என்று இருக்க வேண்டும். ஒரு சொல்லுக்கு இன்று என்ன பொருள் என்பதை இன்று பேசுகிறவர்கள் முடிவு செய்கிறார்கள். மூலம் தெரிந்தால் சொல்லை ரசிக்கலாம், அடுத்தவரைத் திருத்த அதைத் தடியாக எடுக்கக்கூடாது.

கம்ப்யூட்டரில் 'பக்' என்று சொல்லத் தொடங்கியது உள்ளே செத்துக்கிடந்த பூச்சியாலா?

பூச்சி உண்மை, முடிவு தவறு. 1947 செப்டம்பர் 9 அன்று ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் மார்க் 2 கணினியில் ஒரு ரிலேக்குள் விட்டில் பூச்சி சிக்கியிருந்தது. அதை எடுத்துப் பதிவேட்டில் ஒட்டி, 'பக் உண்மையாகவே கிடைத்த முதல் சந்தர்ப்பம்' என்று பக்கத்தில் எழுதிவைத்தார்கள். கிரேஸ் ஹாப்பர் அந்தக் குழுவில் இருந்தவர், கதையைப் பல மேடைகளில் சொன்னவரும் அவரே. அந்த வரியைக் கவனமாகப் படியுங்கள். பழுதுக்குப் பக் என்ற பெயர் ஏற்கெனவே இருந்தால்தானே அந்த வேடிக்கைக்கே பொருள்? எடிசன் 1878 கடிதத்தில் கருவிக் கோளாறுகளைப் பக் என்றே எழுதியிருக்கிறார்.

கம்ப்யூட்டர் என்ற சொல்லே முதலில் மனிதரைக் குறித்தது. 1613இலிருந்து பதிவாகியிருக்கும் அந்தச் சொல்லுக்குக் கணக்குப் போடுபவர் என்று பொருள். வானியல் கூடங்களிலும் பிறகு நாசாவிலும் அது ஒரு வேலையின் பெயர். கேத்தரின் ஜான்சன் போன்ற பெண்கள் அந்த வேலையைச் செய்துதான் விண்கலப் பாதைகளைக் கணக்கிட்டார்கள்.

ஒரு சொல்லின் வரலாற்றை நானே சரிபார்க்க எங்கே போகலாம்?

முதல் இடம் ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதி. லண்டன் மொழியியல் சங்கம் 1857இல் யோசனையைத் தொடங்கியது. 1879இல் ஜேம்ஸ் மர்ரி ஆசிரியரானார். பத்து ஆண்டில் முடித்துவிடலாம் என்று நினைத்தார்கள். ஐந்து ஆண்டுக்குப் பின் 1884இல் முதல் பகுதி வந்தபோது எறும்பைக் குறிக்கும் 'ஆன்ட்' வரைக்கும்தான் வந்திருந்தார்கள். முழுதும் முடிந்தது 1928இல். மர்ரி 1915லேயே காலமாகிவிட்டார். பொதுமக்கள் புத்தகம் படித்து, சொல் வரும் வாக்கியத்தைத் தேதியோடு சீட்டில் எழுதி அஞ்சலில் அனுப்பிவைத்தார்கள். அந்தச் சீட்டுகள்தான் அகராதியின் உயிர். இணையத்தில் சந்தா உண்டு. பெரிய நூலகங்கள் சிலவற்றில் உறுப்பினர்களுக்கு இலவசம்.

காசில்லாமல் வேண்டுமென்றால் எட்டிமான்லைன் தளம். சுருக்கமாக, நம்பகமாக இருக்கும். இந்தியத் தொடர்புள்ள சொற்களுக்கு 1886இல் வந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதி. அதைத் தொகுத்த இருவரில் ஒருவரான பர்னெல் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர். புத்தகம் வெளிவரும் முன்பே இறந்துவிட்டார். பழைய நூல், சில விளக்கங்கள் பின்னால் திருத்தப்பட்டிருக்கின்றன, ஆனாலும் மேற்கோள்கள் பொக்கிஷம். இணையத்தில் முழுதாகக் கிடைக்கிறது.

எதில் தேடினாலும் முதலில் பார்க்க வேண்டியது அந்தச் சொல் முதன்முதலில் அச்சில் வந்த ஆண்டு. கதையில் வரும் ஆண்டு அதற்குப் பிந்தியதாக இருந்தால் அதற்கு மேல் படிக்க வேண்டியதில்லை.